கழலாத மரை

"படக்!"

சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த அம்மா காலை நிறுத்தினார். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துருவி, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

கீழே முற்றத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சைக்கிள். இன்னொரு கையில் பெடல்.

"அம்மா! அக்காவோட பெடல் உடைஞ்சு கையோட வந்துடுச்சு!"

"இன்னிக்கா?" என்றார் அம்மா. அவர் மடியில் அக்காவின் போட்டிச் சட்டை கிடந்தது. முதுகில் தைக்க வேண்டிய எண் பதினேழு. ஒன்று தைத்தாயிற்று. ஏழு பாக்கி.

ஆமாம், இன்றைக்குத்தான் சைக்கிள் போட்டி. நாலு மணிக்கு.

ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அணி. அணிக்கு மூன்று பேர். மூன்று பேரும் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். மூன்றாவது ஆள் வந்து சேரும் நேரம்தான் அந்த அணியின் நேரம். ஓர் ஆள் வராவிட்டால், மற்ற இருவரும் பறந்தே வந்தாலும் கணக்கில் சேராது.

போன வருடம் அக்கா மாற்று ஆள். அதற்கு முந்தைய வருடமும் மாற்று ஆள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றதுதான் மிச்சம். இந்த வருடம்தான் மூவரில் ஒருத்தியாகியிருக்கிறாள்.

துருவி இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினாள்.

துருவிக்குப் பத்து வயது. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் செல்லுபடியாகும். எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேள்வி கேட்பதால் அப்பா வைத்த பெயர் இது. "அந்தத் துருவியை எடு" என்று அம்மா காரட் சீவக் கேட்டாலும், "என்னம்மா?" என்று இவள்தான் வந்து நிற்பாள்.

முற்றத்தில் அப்பா ஏற்கெனவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு பேக்கரியில் வேலை. காலை முழுக்க மாவு பிசைந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். புருவம்கூட வெள்ளையாக இருந்தது.

"இடது பெடல்" என்றார் அப்பா. "மிதிக்கிற கட்டை மட்டும் உடைஞ்சு வந்திருக்கு. நடுவுல இருக்கிற இரும்புத் தண்டு உள்ளேயே நிக்குது. அதைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டணும். அவ்வளவுதான்."

"அப்பா, போன வாரமே சைக்கிள் கடைக்காரர் சொன்னாரே, விரிசல் இருக்கு, கொண்டாங்க மாத்தித் தரேன்னு?" என்றாள் அக்கா.

அன்றைக்கு அப்பா, "பெடல் மாத்துறது என்ன பிரமாதம்? குடுங்க, நானே மாட்டிக்கறேன்" என்று புது ஜோடியை வாங்கிவந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அது இன்னும் அங்கேயே இருந்தது.

இப்போது கடைக்காரருக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? போட்டிக்கு வரும் சைக்கிள்களை எல்லாம் சோதித்து அனுப்புகிறவரே அவர்தான்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கறீங்க?"

சித்தப்பா வந்துவிட்டார்! வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரி அவருடையது. பீரோவை முதுகில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். ஏறும்போதே போனில் பேசுவார்.

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இவ்வளவுதானா? ஸ்பேனரைக் குடு அண்ணே."

"பொறுடா. முதல்ல நான்" என்றார் அப்பா. ஸ்பேனரைத் தண்டில் பொருத்தினார். "இடது பக்கம் திருப்பினா கழலும், வலது பக்கம் திருப்பினா இறுகும். பாட்டில் மூடி, ஜாம் டப்பா, எல்லாத்துக்கும் அதே கணக்குதான்."

இடது பக்கமாக அழுத்தினார். அசையவில்லை. கன்னம் உப்பும்படி மூச்சைப் பிடித்து அழுத்தினார். முகத்தில் மாவு இல்லாத இடமெல்லாம் சிவந்தது.

"மரை துருப்பிடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"மரைன்னா என்னப்பா?" என்றாள் துருவி.

"ஸ்க்ரூவைச் சுத்திச் சுத்தி ஒரு வரி போகும்ல? அதுதான் மரை. இந்தத் தண்டுலயும் இருக்கு."

"அப்போ, சித்தப்பாவுக்கு மரை கழண்டுடுச்சுன்னு அம்மா சொன்னாங்களே, அவருக்கு எங்க இருக்கு?"

சித்தப்பா மெதுவாக அண்ணாந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். "அண்ணி!"

"நான் எப்போடி சொன்னேன்?" என்றார் அம்மா ஜன்னலிலிருந்து.

"நேத்துதாம்மா. சோபா உள்ள போகலைன்னு யாரோ ஒருத்தர் வீட்டுக் கதவைக் கழட்டிட்டு, அப்புறம் கதவை எங்க வெச்சோம்னு தெரியாம லாரியிலயே எடுத்துட்டு வந்துட்டாரே, அப்போ."

"அது வேற மரை!" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் கதவைச் சாத்தினார்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் போன் கிணுகிணுத்தது. அணியின் மற்ற இருவரும்தான். "எங்கடி இருக்க? எல்லாரும் வந்தாச்சு!" என்ற கத்தல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போனைச் சட்டைப்பையில் போட்டாள். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

"வேணும்னா நம்ம பேக்கரி சைக்கிளை எடுத்துட்டுப் போறியா?" என்றார் அப்பா.

"ரொட்டிப் பெட்டியோடவாப்பா?"

அப்பா ஸ்பேனரைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

சித்தப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டார். கால்களை அகட்டி நின்றார். "ஹூம்!" என்று ஓர் அழுத்து.

ஸ்பேனர் ஒரு மயிரிழை நகர்ந்தது.

"நகருது! அண்ணே, நகருது!"

"அப்படித்தான்! விடாதே!"

அக்கா குதித்து எழுந்தாள். சித்தப்பா மறுபடியும் அழுத்தினார். இன்னொரு மயிரிழை. மறுபடியும் அழுத்தினார். அப்புறம் அசையவே இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனி வழியாகச் சொட்டியது.

துருவி தரையோடு தரையாக உட்கார்ந்து தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று புரியவில்லை.

"சித்தப்பா, ஜாம் மூடி முதல்ல கஷ்டமா இருக்கும். கொஞ்சம் நகர்ந்துட்டா அப்புறம் ஈஸி."

"ஆமா."

"இது நகர்ந்தப்புறம் இன்னும் கஷ்டமாயிடுச்சே. ஏன்?"

"துரு, கண்ணு. துரு."

"துருன்னா முதல்லதானே கஷ்டமா இருக்கணும்?"

"துருவி! இப்போ கேள்வி கேக்கற நேரமா?" என்றார் அப்பா.

"போன்ல பாருங்களேன், எப்படிக் கழட்டறதுன்னு" என்று மேலே ஜன்னல் திறந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஒரு பெடல் கழட்ட போன்ல பாக்கறதா? மானம் போயிடும் அண்ணி!" சித்தப்பா நிமிர்ந்தார். "லாரியில நீளமா ஒரு இரும்புக் குழாய் இருக்கு. அதை ஸ்பேனர் பிடியில சொருகி அழுத்தினா, ஒரு ஆள் பலம் மூணு ஆள் பலமாயிடும். யானையையே கழட்டிடலாம்."

"மரையே வழிச்சுக்கிட்டுப் போயிட்டா? அப்புறம் எந்தப் பெடலும் நிக்காதுடா."

"வேற வழி சொல்லு அண்ணே."

சித்தப்பா லாரியை நோக்கி நடந்தார்.

லாரி தெருமுனையில் நின்றது. போய்த் தேடி எடுத்துவரக் கொஞ்ச நேரமாகும். துருவி படிக்கட்டில் பாய்ந்தாள்.

மூன்று மாடியும் ஒரே மூச்சு! நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த அட்டைப் பெட்டியை எடுத்தாள். உள்ளே இரண்டு புதுப் பெடல்கள். இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. ஒன்றின் தண்டில் 'எல்' என்று ஓர் எழுத்து. இன்னொன்றில் 'ஆர்'.

இடது, வலது. அது சரி. ஆனால் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எதற்காக எழுதி வைக்க வேண்டும்? எதை எங்கே மாட்டினால் என்ன?

இரண்டு தண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மரையின் வரிகளை உற்றுப் பார்த்தாள்.

ஒன்றில் வரிகள் வலது பக்கமாக ஏறின.

இன்னொன்றில் இடது பக்கமாக ஏறின!

துருவி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை.

மேசைமேல் ஈரத்துணிக்குள் அப்பா கொண்டுவந்த மாவு இருந்தது. ஓர் உருண்டையைப் பிய்த்துத் தட்டில் வைத்துத் தட்டையாக்கினாள். ஒரு தண்டை அதில் உருட்டினாள். சாய்ந்த கோடுகள் பதிந்தன. பக்கத்தில் மற்றொன்றை உருட்டினாள். அதிலும் சாய்ந்த கோடுகள். ஆனால் எதிர்ப்பக்கமாக! இரண்டும் சேர்ந்து மீன் முள் மாதிரி இருந்தன.

"மாவை ஏன்டி..." என்று அம்மா தொடங்குவதற்குள் தட்டும் பெடல்களுமாகத் துருவி வாசலைத் தாண்டிவிட்டாள்.

முற்றத்தில் சித்தப்பா ஸ்பேனரில் குழாயைச் சொருகிவிட்டார். அப்பா சைக்கிளை இறுகப் பிடித்திருந்தார்.

"ஒண்ணு... ரெண்டு..."

"நிறுத்துங்க! நிறுத்துங்க! அழுத்தாதீங்க!"

துருவி குழாய்க்கும் சித்தப்பாவின் வயிற்றுக்கும் நடுவில் புகுந்து நின்றாள். தட்டை நீட்டினாள். மூச்சு வாங்கியது.

"இங்க பாருங்க. இது வலது பெடல். இது இடது பெடல். மரை எதிரும் புதிருமா இருக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். "இது நாளைக்குச் செய்ய வெச்சிருந்த மாவு இல்லையா?"

"அப்பா! கோட்டைப் பாருங்க!"

"நீ உருட்டின விதத்துல அப்படி விழுந்திருக்கும்மா."

துருவி வாதாடவில்லை. மாவைத் தட்டி வழவழப்பாக்கினாள். எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு பெடலை உருட்டினாள். அடுத்ததை உருட்டினாள். மறுபடியும் அதே மீன் முள்.

"கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கில்ல? அப்போ திருப்பறதும் கண்ணாடியில பாக்கற மாதிரிதானே இருக்கும்? வலது பெடல் இடது பக்கம் திருப்பினா கழலும். இடது பெடல் வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும். நீங்க இவ்வளவு நேரமும் இறுக்கிட்டு இருக்கீங்க. அதான் நகர நகரக் கஷ்டமாச்சு!"

சித்தப்பா குழாயிலிருந்து கையை எடுத்தார்.

"உலகத்துல இருக்கற எல்லா ஸ்க்ரூவும் இடது பக்கம்தான் கழலுது" என்றார் சித்தப்பா. "நான் கழட்டாத கட்டிலா, பீரோவா? கழட்டணும்னா இறுக்கற பக்கம் திருப்புன்னு சொல்றியே, உனக்கு மரை கிரை கழண்டுடுச்சா?"

"எனக்குக் கழண்டா நாளைக்கு மாட்டிக்கலாம் சித்தப்பா. இன்னிக்கு இது கழலட்டும்!"

அப்பா தலையைச் சொறிந்தார். "தப்பா இருந்தா? குழாய் போட்டு இறுக்கினா ஜென்மத்துக்கும் கழலாது."

துருவி மாவின் கோடுகளை இன்னொரு தடவை பார்த்தாள். தப்பாக இருந்தால்? அக்கா மறுபடியும் தண்ணீர் பாட்டிலோடு நிற்க வேண்டியதுதான். அதுகூட முடியாது, இந்த வருடம் அணிக்கு மாற்று ஆளே இல்லை. மூன்று பேருக்கும் போச்சு.

அக்கா தட்டை வாங்கினாள். மாவின் கோடுகளைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெடல்களைப் பார்த்தாள். கடைசியில் துருவியைப் பார்த்தாள்.

"என் சைக்கிள்" என்றாள். "துருவி சொல்ற பக்கமே திருப்புங்க."

சித்தப்பா குழாயை எடுத்து மாற்றிப் பொருத்தினார். அப்பா சைக்கிளின் முன்பக்கத்தைப் பிடித்தார். அக்கா பின்பக்கத்தைப் பிடித்தாள். துருவி எதைப் பிடிப்பது என்று தெரியாமல் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு!"

அசையவில்லை.

"இன்னொரு தடவை!"

குழாய் லேசாக வளைந்தது. சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"டக்!"

நால்வரும் அப்படியே உறைந்து நின்றார்கள். கழன்ற சத்தமா? உடைந்த சத்தமா?

துருவிதான் முதலில் கையை நீட்டினாள். தண்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள்.

சுழன்றது! எண்ணெய் போட்ட மாதிரி சுழன்றது! ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அப்புறம் பொத்தென்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று அக்கா போட்ட கூச்சலில் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

"அப்போ... நானும் அண்ணனும் இவ்வளவு நேரமும்..." என்றார் சித்தப்பா.

"உயிரைக் குடுத்து இறுக்கிட்டு இருந்தீங்க" என்றார் அம்மா மேலிருந்து.

அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அப்பாவின் உதடு துடித்தது. பிறகு சித்தப்பாவின் தோள் குலுங்கியது. அடுத்த நொடி இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிக்க நேரமில்ல!" அக்கா புதுப் பெடலை எடுத்தாள். கையாலேயே சுழற்றிப் பொருத்தினாள்.

"வலது பக்கம் திருகு, அப்பதான் இறுகும்" என்றார் சித்தப்பா பழக்க தோஷத்தில்.

"இடது!" என்று மற்ற எல்லோரும் கத்தினார்கள்.

பழைய வலது பெடல் நன்றாகவே இருந்ததால் அதைத் தொடவில்லை. அதற்கு நேரமும் இல்லை. சைக்கிள் லாரியில் ஏறியது. அக்காவும் துருவியும் அம்மாவும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அப்பா பின்னால், யாரோ ஒருவருடைய சோபாவில் சொகுசாக உட்கார்ந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டாள். ஏழு இன்னும் பாதி தொங்கியது. அம்மா ஊசியும் நூலுமாக அவள் முதுகில் குனிந்தார்.

"ஆடாதே. குத்திடும்."

"நான் ஆடலைம்மா, லாரி ஆடுது!"

"கொழுந்தனாரே, மெதுவா ஓட்டுங்க!"

"சித்தப்பா, வேகமா ஓட்டுங்க!"

சித்தப்பா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். நேர் சாலையில் வேகமாகவும், அம்மா ஊசியை ஏற்றும்போது மெதுவாகவும் ஓட்டினார். ஏழின் வால் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பரவாயில்லை, ஏழு என்று படிக்க முடிந்தது.

மைதானத்தில் கயிறு கட்டி, கொடி நட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அக்காவின் அணிப் பெண்கள் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். கடைசியாக வந்த சைக்கிளைப் பார்த்துக் குனிந்தார். பிரேக்கை அழுத்தினார். சங்கிலியைத் தட்டினார். இடது பெடலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"சரியா இருக்கு. ஓடு, ஓடு!"

அக்கா கோட்டுக்கு ஓடினாள். விசில் ஒலித்தது.

சைக்கிள்கள் எல்லாம் தேனீக்கூட்டம் மாதிரி கிளம்பி, மைதானத்தை விட்டு வெளியேறி, சாலைத் திருப்பத்தில் மறைந்தன. அப்புறம் காத்திருப்பதுதான் பெரிய பாடு. அப்பா நகத்தைக் கடித்தார். அம்மா கையிலிருந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"வராங்க!" லாரியின் மேல் ஏறி நின்ற சித்தப்பாதான் முதலில் பார்த்தார். துருவியையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

மணிக்கூண்டுத் தெருப் பெண்கள் மூவரும் சேர்ந்தாற்போல் பாய்ந்து வந்து கோட்டைத் தாண்டினார்கள். முதலிடம் அவர்களுக்குத்தான். அதில் பேச்சே இல்லை.

அடுத்து அக்காவின் அணியில் ஒருத்தி. பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் மைதானத்தெரு அணியில் இரண்டு பேர். இரண்டாம் இடம் யாருக்கு? இனி வரப்போகிற ஆளைப் பொறுத்தது.

திருப்பத்தில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. மைதானத்தெருப் பெண்!

அவளுக்குப் பின்னால், வால் கோணிய ஏழு.

"அக்கா!" துருவி கத்தினாள். "மிதி அக்கா! மிதி!"

அக்கா இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். உடம்பு முழுவதையும் ஒரு பெடலில் போட்டாள், பிறகு மறு பெடலில் போட்டாள். இடது, வலது, இடது, வலது. சைக்கிள் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து பாய்ந்தது. ஒவ்வொரு தடவை இடது பெடல் கீழே போகும்போதும் துருவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பெடல் கழலவில்லை. கல் மாதிரி நின்றது.

மஞ்சள் சட்டையின் பின்சக்கரத்தை அக்கா நெருங்கினாள். நடுவை எட்டினாள். இரண்டு தலைகளும் ஒன்றாகக் கோட்டை நோக்கிக் குனிந்தன. சித்தப்பா லாரிக் கூரையில் குதித்த குதியில் உள்ளே இருந்த சோபா எழுந்து உட்கார்ந்தது.

"இரண்டாம் இடம்..." ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு சக்கர வித்தியாசத்தில் முந்திய அக்காவின் தெருப் பெயரைச் சொன்னது!

அணிப் பெண்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். அப்பாவும் அம்மாவும் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினார்கள். துருவி சித்தப்பாவின் தோளிலிருந்து சறுக்கி, லாரியிலிருந்து இறங்கி ஓடினாள்.

அக்காவின் முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. பேச மூச்சு வரவில்லை. துருவியைப் பார்த்ததும், சைக்கிளின் முன்குழாயைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"ஏறு."

"மேடைக்குக் கூப்பிடறாங்க அக்கா. கப்பு குடுப்பாங்க!"

"கப்பு எங்க ஓடிடப் போகுது? ஏறுடி."

துருவி குழாயில் ஏறிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அக்கா இடது பெடலை அழுத்தினாள். கூட்டம் விலகி வழிவிட, சைக்கிள் மைதானத்தைச் சுற்றிக் கிளம்பியது.